கடற்கரைப் பட்டினமும் வழிகாட்டி எழுத்தும்: சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம், இன்றைய புதுச்சேரிக் கையேடுகள் - ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வெயிலும் கடலும் பொலிவும் நிறைந்த ஒரு நகரை முன்பின் அறியாத பயணிக்கு அறிமுகப்படுத்தும் எழுத்து, தமிழில் ஆற்றுப்படை என்னும் துறையாக முன்பே வடிவம் பெற்றுள்ளது. இன்றைய சுற்றுலாக் கையேடும் அதே பணியைச் செய்வதாகக் கூறிக்கொள்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும், இன்றைய கையேடுகளில் வரும் புதுச்சேரியும் ஒரே கடற்கரையைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, வழிகாட்டுபவர் யார், யாருக்கு வழிகாட்டப்படுகிறது, வழியில் சோறிடுபவர் எழுத்தில் இடம்பெறுகிறாரா என்னும் மூன்று வினாக்களின்வழி இக்கட்டுரை அமைகிறது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, நெய்தல், எயிற்பட்டினம், புதுச்சேரி, சுற்றுலாக் கையேடு, விருந்தோம்பல்

முன்னுரை

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் கடலைக் காணாத ஊர். இவ்வட்டாரத்தார் கடற்கரை நகர் ஒன்றைக் காண விரும்பினால் புதுச்சேரி அவர்கள் நினைவுக்கு வரும் ஊர்களுள் ஒன்று. அரூர், ஊத்தங்கரை வழியாகச் சென்று செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைக் கடந்து அந்நகரை அடையலாம். இவ்வழி இலக்கிய வரலாற்றிலும் பொருளுடையது. செங்கம் மலைபடுகடாம் போற்றும் நன்னனின் ஊர். திண்டிவனத்தை ஒட்டியுள்ள கிடங்கில் சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியது. புறப்படும் இடமோ தகடூர் நாடு. சிறுபாணாற்றுப்படை கூறும் வள்ளல்கள் எழுவருள் ஒருவனாகிய அதிகனின் நிலம். ஆக, இன்றைய சுற்றுலாப் பயணி செல்லும் சாலை, ஆற்றுப்படைப் புலவர்கள் பாடிய நிலங்களின் ஊடாகவே செல்கிறது. ஆயினும் அவர் கையிலுள்ள கையேடு இவ்வழியைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. அதன் பார்வையில் பயணம் தங்கும் விடுதியின் வாயிலில்தான் தொடங்குகிறது. இந்த மௌனமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

வழிகாட்டி எழுத்தின் இலக்கணம்

ஆற்றுப்படுத்தலைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வரையறுக்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோருள் பரிசில் பெற்றவர், பெறாதவரை வழியில் கண்டு, தாம் பெற்றதைக் கூறி, அவரும் சென்று பயன்பெறுமாறு செய்வதே அதன் சாரம். இதில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, வழிகாட்டுபவர் அவ்வழியே நடந்து மீண்டவர். அவர் சொல்லுக்கு அவர் உடலே சான்று. இரண்டாவது, கேட்பவர் பொருளற்றவர். செலவிடுவதற்காக அன்றிப் பெறுவதற்காகப் பயணம் செய்பவர்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்துள்ளன. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், கூத்தாற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. அது வழியின் இனிமைகளோடு இடர்களையும் எடுத்துரைக்கிறது. பன்றிக்காக வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்த வழுக்குப் பாறைகள் ஆகியவற்றைப் பற்றி அது முன்னெச்சரிக்கை செய்கிறது. வழிகாட்டி எழுத்தின் முதல் அறம் நம்பகத்தன்மை என்பதைத் தமிழ் மரபு அறிந்திருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

மேலைநாட்டு அச்சு வழிகாட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தன. அவ்வகை நூல்களுள் ஒன்றாகிய புளூ கைடு பற்றி ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் தொன்மங்கள் குறித்த நூலில் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். ஒரு நாட்டை நினைவுச்சின்னங்களின் தொகுதியாகச் சுருக்குவதும், அங்கு வாழும் மனிதரை வெறும் வகைமாதிரிகளாக மாற்றுவதும் அந்நூலின் இயல்பு என்பது அவர்தம் முடிவு. இக்கருத்தைத் தமிழ்க் கடற்கரையில் பொருத்திப் பார்ப்பதற்கு எயிற்பட்டினம் தக்க அளவுகோலாகிறது.

உப்பற்ற கீரையும் கடல் வழியும்

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. அதில் வழிகாட்டும் பாணன் பட்டினத்தின் பொலிவைப் பேசுவதற்கு முன் தன் பழைய வறுமையைப் பேசுகிறான். ஈன்ற நாய் குரைக்கும் அடுக்களை, காளான் பூத்த சுவர், நகத்தால் கிள்ளிய வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்தல், பிறர் காண நாணிக் கதவை அடைத்து உண்ணுதல் என அக்காட்சி விரிகிறது. ஒரு பயண வழிகாட்டியின் தகுதிச்சான்றாக இங்கே முன்வைக்கப்படுவது பசி.

இதன்பின் வழி தொடங்குகிறது. முதலில் வருவது நெய்தல் நிலத்து எயிற்பட்டினம், அடுத்து முல்லை நிலத்து வேலூர், பின்னர் மருத நிலத்து ஆமூர், இறுதியில் கிடங்கில். உப்புக்கும் வழியற்ற வீட்டை நினைவூட்டிய பாணன், தன் கூட்டத்தாரை முதலில் உப்பு விளையும் கடற்கரைக்கே ஆற்றுப்படுத்துகிறான். பனுவலின் வைப்புமுறை இப்பொருளைத் தானே உணர்த்துகிறது என்று கொள்ள இடமுண்டு. மதிலின் பெயரைத் தாங்கிய பட்டினம் என்று புலவர் குறிப்பாகச் சுட்டும் இவ்வூரை மரக்காணத்தோடும், பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மாவோடும் இணைத்துக் காண்பர். மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் உள்ளன. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வூரைத் தொட்டே செல்கிறது.

பொலிவு பிறக்கும் இடம்

எயிற்பட்டினப் பகுதி கவர்ச்சியான நகர வருணனையே. ஆனால் அக்கவர்ச்சி எங்கிருந்து பெறப்படுகிறது என்பது நுணுகி நோக்கத்தக்கது. தாழை அன்னம் போலப் பூக்கிறது. செருந்தி பொன்னென மயக்குகிறது. முண்டகம் மணி போல் தோன்றுகிறது. புன்னை முத்தென அரும்புகிறது. அன்னமும் பொன்னும் மணியும் முத்தும் உவமைகளாக மட்டுமே வருகின்றன. கண்முன் இருப்பவை யாவருக்கும் உரிய கடற்கரை மரஞ்செடிகளே. விலை கொடுத்துப் பெறவேண்டிய எதையும் புலவர் பயணிக்குக் காட்டவில்லை.

அடுத்து, அலை கொணர்ந்து ஒதுக்கிய நறுமண மரத்துண்டுகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. தொலைதூர வணிகத்தை நினைவூட்டும் இம்மரம் நுளைமகளின் அடுப்பில் விறகாகிறது. அவள் அரித்த முதிர்ந்த தேறலைப் பரதவர் விருந்தினருக்கு அளிக்கின்றனர். வீடுதோறும் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கிறது. வேலூரில் எயிற்றியர் புளியிட்ட சோற்றையும் ஆமான் இறைச்சியையும் தருகின்றனர். ஆமூரில் உழவர் குடிப்பெண் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு இடுகிறாள். ஒவ்வோர் ஊரும் அங்கே சமைத்தவரால் அறியப்படுகிறது. இப்பாட்டின் வரைபடத்தில் நினைவுச்சின்னங்கள் இருக்கவேண்டிய இடத்தில் அடுப்புகள் உள்ளன எனலாம்.

இதே பாட்டில் கொற்கையும் இடம்பெறுகிறது. அங்கே மந்தி ஒன்று கிளிஞ்சிலின் வயிற்றில் முத்தை அடைத்து, உப்பு வணிகரின் சிறுவரோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆடுகிறது. உலகம் விரும்பிய முத்து உழைப்பாளர் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகிறது. கடற்கரைச் செல்வத்தைப் புலவர் மறைக்கவில்லை. அதன் உச்சியில் அங்கு வாழ்வோரை வைக்கிறார்.

பட்டினமும் ஒரு மறுப்பும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இரு பாட்டுகளை இங்கே துணையாகக் கொள்ளலாம். 500 அடிகளையுடைய பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டுகிறது. குதிரைகளையும் வடபுலத்துப் பண்டங்களையும் கொணரும் கலங்கள், உயர்ந்த மாடங்கள், திசை தவறிய மரக்கலங்களை இரவில் அழைக்கும் கலங்கரை விளக்கம் ஆகியவை அதில் உள்ளன. அங்கும் கள் சமைக்கும் மகளிரின் முற்றமும், அவர்கள் வளர்க்கும் பன்றியும், பாணருக்குக் கிடைக்கும் ஊனும் கள்ளும் மாடங்களுக்கு நிகராகப் பாடப்படுகின்றன.

301 அடிகளால் ஆன பட்டினப்பாலை இன்னொரு திசையில் செல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டக்குவியல், புலிமுத்திரை, சுங்கம் கொள்வோர், பல மொழியினர் கலந்து வாழும் தெருக்கள் என நகரின் பெருமை நெடிது விரிகிறது. ஆயினும் தலைவன் அப்பட்டினமே கிடைப்பினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்கிறான். தமிழின் மிக ஒளிமிக்க கடற்கரை நகர் வருணனை, பயணம் செல்ல மறுப்பவனின் கூற்றாக அமைந்துள்ளது. நகரின் பொலிவுக்கும் மேலான மதிப்பு ஒன்று உண்டு என்பதை நிறுவவே அப்பொலிவு முழுமையாகக் காட்டப்படுகிறது. கவர்ச்சியை விற்பனைக்கு மட்டுமே பயன்படுத்தும் எழுத்தில் இவ்வாறான எதிர்எடை இருப்பதில்லை.

புதுச்சேரி: காட்டப்படுவதும் விடுபடுவதும்

இன்றைய புதுச்சேரிக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைகின்றன. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகை, அடுமனை, காலை வெயில் படும் கடற்கரைச் சாலை என்னும் காட்சிகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பிரான்சு நாட்டுத் தென்கடற்கரையின் பெயரை இந்நகருக்குச் சூட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பழைய நகரைக் கிழக்கு மேற்காகப் பிரித்த வாய்க்காலுக்கு ஒரு புறம் வெள்ளையர் நகரும் மறுபுறம் தமிழர் நகரும் இருந்தன. அரசியல் அளவில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் கைமாறி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி முடிவுற்றது. எனினும் கையேடுகளின் வரைபடம் இன்றும் பெரும்பாலும் அவ்வாய்க்காலோடு நின்றுவிடுகிறது.

விடுபடுவன சில. தமிழர் பகுதி வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காக வீட்டின் எல்லையைத் தெருவரை நீட்டிய அமைப்புகள். விருந்தோம்பலின் கட்டடக்கலை வடிவம் அவை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் வருகையிலிருந்து அங்காடிச் செய்தி வரை நகரைத் தமிழில் பதிவு செய்தவர். 1908 முதல் 1918 வரை பாரதி அங்கே வாழ்ந்தார். 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, பெரிப்ளூஸின் பொதுகே எனக் கருதப்படுவது. அதன் அருகே வீராம்பட்டினம் மீனவர் ஊர் உள்ளது. இவை கையேட்டில் வருவதுண்டு; ஆனால் ஓரக்குறிப்பாகவே வரும்.

மிகப் பெரிய விடுபடல் கடற்கரையே. 1980களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்திற்காக அமைத்த அலைதடுப்புச் சுவர்கள் மணல் வடக்கு நோக்கி நகர்வதைத் தடுத்தன. நகரின் முன்னிருந்த மணற்பரப்பு அரிக்கப்பட்டு, அவ்விடத்தில் கருங்கற்கள் அடுக்கப்பட்டன. வடக்கிலுள்ள மீனவக் குப்பங்களுக்கு இது அழகியல் இழப்பு அன்று. படகேற்றும் கரையும் வலை உலர்த்தும் இடமும் பறிபோன வாழ்வாதார இழப்பு. மலைபடுகடாம் வழுக்குப் பாறையைச் சொல்லி எச்சரித்தது. இன்றைய கையேடோ கருங்கல் அடுக்கின்மேல் நின்று ஞாயிற்றின் எழுச்சியைப் படமெடுக்கச் சொல்கிறது.

ஒரு தடை

ஆற்றுப்படையை இவ்வாறு உயர்த்திப் பேசுவது பழமை வியப்பு ஆகாதா என்னும் தடை எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆற்றுப்படையும் ஒருவகை விளம்பரமே. அதன் இறுதி இலக்கு தலைவனின் புகழ். பரதவரும் எயினரும் உழவரும் இடும் சோறு, தலைவன் நாட்டின் வளத்திற்குச் சான்றாகவே பாடப்படுகிறது. சமைத்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் உழைப்பின் வருத்தமும் பேசப்படவில்லை. வேந்தர் மூவரின் தலைநகரங்களும் நல்லியக்கோடன் நல்கும் பரிசிலைக் காட்டிலும் எளியன என்று கூறுவது வெளிப்படையான மிகைக்கூற்று.

இவை அனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. ஆற்றுப்படையில் புகழப்படுபவன் கொடுக்கக் கடமைப்பட்டவன். நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாதது என்று பாடியபின், அவ்வாயிலை அடைப்பது அவனுக்கு இழுக்கு. புகழ் அவனைப் பிணைக்கிறது. சுற்றுலாக் கையேடு புகழும் விடுதிக்கு அத்தகைய கடப்பாடு இல்லை. அதன் வாயில் கட்டணத்திற்கே திறக்கிறது. உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து ஒருநாள் பயணமாக வரும் குடும்பத்தைக் கையேடு தன் வாசகராகக் கருதுவதே அரிது. அக்குடும்பத்திற்கு நிழலும் குடிநீரும் குறைந்த விலையில் உணவும் எங்கே கிடைக்கும் என்பதே முதல் வினா. சிறுபாணன் விடைசொன்ன வினாவும் அதுவே.

முடிவுரை

கடற்கரை நகரின் பொலிவைப் பாடுவது குறையன்று. எயிற்பட்டினமும் புகாரும் அப்பொலிவாலேயே இலக்கியத்தில் நிலைபெற்றன. அப்பொலிவை யாருக்காக, யாரை முன்னிறுத்தி எழுதுகிறோம் என்பதில்தான் எழுத்தின் தரம் அடங்கியுள்ளது. நடந்தவரின் சொல், வழியின் இடர், அடுப்பில் இருப்பவரின் இருப்பு, பொருளற்றவரின் நுழைவுரிமை ஆகிய நான்கும் ஆற்றுப்படை தரும் அளவைகள். தமிழில் இன்று பெருகிவரும் பயண நூல்களையும் சுற்றுலா வெளியீடுகளையும் இந்நான்கின் வழி மதிப்பிடலாம். ஆற்றுப்படையைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நடத்தாமல், மாணவர்தம் ஊரிலிருந்து ஒரு கடற்கரைக்கு அவர்களே வழிகாட்டி எழுதும் பயிற்சியோடு இணைத்தால், இத்துறை நிகழ்காலத் திறனாய்வுக் கருவியாகவும் பயன்படும். கடத்தூரிலிருந்து எழுதப்படும் அத்தகைய ஒரு வழிகாட்டியில் செங்கமும் கிடங்கிலும் மரக்காணத்து உப்பளமும் வீராம்பட்டினத்து வலைகளும் இடம்பெறும். புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள் அவற்றுக்குப் பின்னரே வரும்.