கொடுங்கோல்: கொடுமையா, கோட்டமா?

2023 மே 28 அன்று தில்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் நிறுவப்பட்டதன் பின், அச்சொல்லின் பொருளை அண்டை வீட்டார் நம்மிடம் கேட்கலாயினர். செங்கோலை விளக்கப் புகுந்தால் அதன் எதிர்ச்சொல்லையும் விளக்கியாக வேண்டும். அங்கேதான் நாம் இடறுகிறோம். கொடுங்கோலன் என்றதும் முறுக்கிய மீசையும் உருவிய வாளுமாக நாடக மேடை அரசனே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றான். குறளை ஆங்கிலத்தின் வழியே பயிலும் நம் பிள்ளைகளுக்கோ, ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு, கொடுங்கோன்மை அதிகாரத்தை ‘குரூயல் செப்டர்’, அதாவது இரக்கமற்ற கோல், என்று அறிமுகம் செய்கிறது. அது பிழையன்று, ஆனால் சொல்லின் பாதியே அதில் உள்ளது என்பது நம் கருத்து.

கொடு என்னும் அடிக்கு வளைவு என்ற பொருளும் உண்டு. கொடுமரம் என்பது வில். கொடுவரி என்பது வளைந்த வரிகளையுடைய புலி. செந்தமிழுக்கு மறுதலையாகக் கூறப்படும் கொடுந்தமிழ், இரக்கமற்ற தமிழ் அன்று. செம்மை வழக்கினின்று விலகிய வட்டாரத் தமிழே. அவ்வாறே செங்கோல் நேரிய கோல். கொடுங்கோல் கோணிய கோல்.

வள்ளுவர் வகுத்த முறையும் இதற்குச் சான்றாகும். செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56. குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யும் ஆட்சியைக் கடிய, 57ஆம் அதிகாரமாக வெருவந்த செய்யாமையைத் தனியே வைத்தார். அங்கே அவர் ஆளும் சொற்கள் வெங்கோலன், கடுங்கோல் என்பன. 56இலோ கோல் கோடுதலையும் முறை கோடுதலையும் பேசுகின்றார். அதன் முதற்குறளில் ‘கொடிது’ என்ற சொல்லும் வருவதை நாம் மறைப்பதற்கில்லை. கோட்டத்தின் விளைவு கொடுமையே அன்றோ? எனினும் 554ஆம் குறள் காட்டும் குற்றம் ஆராயாது செய்தல். அவ்வரசன் பொருளையும் குடிகளையும் ஒருங்கே இழப்பான் என்கிறது அக்குறள்.

பாண்டியன் நெடுஞ்செழியனை ஈண்டு நினைவுகூர்வோம். அவன் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஒருநாள், ஒரு வழக்கை ஆராயாது ஆணையிட்டான்; அவ்வளவே. கோல் வளைந்தது. தன் பிழையை உணர்ந்த கணமே அரியணையில் உயிர் துறந்தான். இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வளைந்த கோலை அவன் நீத்த உயிரே நிமிர்த்தியது என்ற கருத்துப்படப் பேசுவதாக இளங்கோவடிகள் அமைத்துள்ளார். கொடுங்கோல் என்பதற்குக் கொடுமை ஒன்றே பொருளெனக் கொண்டால், இக்காட்சியின் உயிர்நிலை நமக்கு அகப்படாது. கோணியது என்றாலன்றோ நிமிர்வதற்கு இடமுண்டு?

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. கொடியவனே கொடுங்கோலன் எனில், நல்லவர் என்று தம்மை எண்ணுவோர் அனைவரும் அக்குற்றச்சாட்டினின்று எளிதில் தப்பிவிடுவர். கோணுதலே குற்றமெனில், நல்லவரும் நாள்தோறும் தம் கையை நோக்க வேண்டும். முடியரசர் மறைந்தனர்; கோல் மறையவில்லை. துலாக்கோலும் கோல், எழுதுகோலும் கோலே. ஏழை ஒருவரின் விண்ணப்பத்தை முழுதும் படியாது ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதும்போது, நம் விரலிடையே இருப்பது எந்தக் கோல் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.