சுருளுக்கு விலையா, செதுக்கலுக்கு விலையா?

தனி ஒருவர் தம் பட்டறையில் கையால் செய்த மாண்டலினை வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: தொழிற்சாலைக் கருவியில் இல்லாத நாதம் இதில் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மரபில் இன்று இத்தகைய கைவினைஞர்கள் செய்யும் மாண்டலின்களில் பெரும்பாலானவை, 1922இல் ஒரு தொழிற்சாலை வெளியிட்ட ஒரே மாதிரியின் வழிவந்தவை. தொழிற்சாலைக்கு மாற்று என்று விலைபோகும் பொருளை ஒரு தொழிற்சாலைப் பொருளை வைத்தே அளக்கிறார்கள். கைவினை மாண்டலினின் நிறைகுறைகளை எடைபோட வேண்டுமானால் இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாண்டலினின் பழைய வீடு இத்தாலியின் நேப்பிள்ஸ். பின்புறம் உருண்டு உப்பிய கருவியை அங்கே வினாச்சியா, கலாச்சே போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தன. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் காலமஸூ நகரில் ஆர்வில் கிப்சன் வேறு வழியில் போனார். வயலினைப் போல மேல்பலகையையும் பின்பலகையையும் வளைவாகச் செதுக்கிய மாண்டலினுக்கு 1898இல் காப்புரிமை பெற்றார். 1902இல் அவர் பெயரில் நிறுவனம் தொடங்கியது. 1919 முதல் 1924 வரை அங்கே பணியாற்றிய லாய்ட் லோரின் காலத்தில், 1922இல், எஃப்-5 என்ற மாதிரி வெளிவந்தது. வட்டத் துளைக்குப் பதிலாக வயலினில் இருப்பது போன்ற இரண்டு எஃப் வடிவத் துளைகள், உடலுக்கு வெளியே அதிகம் நீளும் கழுத்து, மேல்பலகையின் அடியில் ஒட்டிய இரண்டு நீள மரக்கட்டைகள், தோளில் ஓர் அலங்காரச் சுருள் என்று அதன் அமைப்பு. உள்ளே லோர் கையெழுத்தும் தேதியும் இட்ட சீட்டு. செதுக்கியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். லோர் மேற்பார்வையிட்டு, சோதித்து, ஒப்பமிட்டார்.

அந்தக் கருவி விற்பனையில் தோற்றது. ஊருக்கு ஊர் இருந்த மாண்டலின் குழுக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம் அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, மாண்டலின் கலைஞர் பில் மன்றோ மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தில் 1923ஆம் ஆண்டின் எஃப்-5 ஒன்றைப் பார்த்து 150 டாலருக்கு வாங்கினார். அதை வாசித்தே புளூகிராஸ் என்ற இசைக்கு வடிவம் கொடுத்தார். அந்த இசை பரவப் பரவ, எல்லோருக்கும் அந்தக் கருவியே வேண்டியிருந்தது. லோர் கையெழுத்திட்டவையோ சில நூறுதான். காலமஸூவில் பின்னாளில் செய்தவை அந்தத் தரத்தை எட்டவில்லை. 1973இல் ராஜர் சிமினாஃப் எழுதிய செய்முறை நூல் வந்தபின், உளி பிடிக்கத் தெரிந்த எவரும் முயன்று பார்க்கலாம் என்ற நிலை பிறந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டீவ் கில்கிறிஸ்ட், டென்னசியில் லின் டூடன்பாஸ்டல், நியூயார்க் பகுதியில் ஜான் மாண்டலியோன் எனத் தனிக் கைவினைஞர்கள் பெயர்பெற்றார்கள். தேவை தொழிற்சாலையை மிஞ்சியதால் பிறந்த கைத்தொழில் இது.

கைவினை மாண்டலினின் முதன்மையான பலம் மேல்பலகையில் இருக்கிறது. நான்கு இணைகளாக எட்டு எஃகுத் தந்திகள், மொத்தம் ஏறத்தாழ 80 கிலோ இழுவிசையோடு, குதிரை வழியாக அந்தப் பலகையை அழுத்துகின்றன. நடுவில் சில மில்லிமீட்டர் தடிமனும் ஓரத்தில் அதைவிட மெலிவுமாகச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகை அந்தச் சுமையைத் தாங்கவும் வேண்டும், தாராளமாக அதிரவும் வேண்டும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட அடர்த்தியிலும் விறைப்பிலும் ஒன்றாக இருப்பதில்லை. பலகையின் விறைப்போ தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். ஆயிரக்கணக்கில் செய்கிற ஆலை எல்லாப் பலகைகளுக்கும் ஒரே அளவை வைக்கிறது. உள்ளதிலேயே பலவீனமான பலகையும் உடையாதபடி சற்றுத் தடிமனாகவே வைக்கிறது. உத்தரவாதக் காலத்தில் பிளந்து திரும்பிவரும் கருவி நஷ்டம் என்பதால் அதன் கணக்கு அப்படி. தனிக் கைவினைஞர் பலகையைத் தட்டிக் கேட்கிறார், வளைத்துப் பார்க்கிறார், சிலர் எடை வைத்து வளைவை அளக்கிறார்கள். இந்தப் பலகை எந்த இடத்தில் நிற்கச் சொல்கிறதோ அந்த இடத்தில் உளியை நிறுத்துகிறார். வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு உண்மையான ஈடு இந்த முடிவெடுக்கும் திறன்தான்.

‘கையால் செய்தது’ என்பது மட்டுமே இந்தத் திறனுக்குச் சான்றாகாது. சீனாவில் ஈஸ்ட்மன் நிறுவனத்தின் பட்டறைகளிலும் பலகைகளைக் கையால்தான் செதுக்குகிறார்கள். விலையோ பெயர்பெற்ற அமெரிக்கக் கைவினைஞர் கேட்பதில் சிறு பங்கு. மறுபுறம், டெக்சஸின் காலிங்ஸ் போன்ற மதிப்புமிக்க சிறு நிறுவனம் பலகையைக் கணினி இயந்திரத்தில் வெட்டிவிட்டுக் கடைசிச் சீவலைக் கைக்கு விடுகிறது. கை பட்டதா என்று கேட்பதைவிட, கடைசி அரை மில்லிமீட்டரை முடிவு செய்தவர் யார், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று கேட்பது பயனுள்ளது.

அந்தப் பொறுப்பே இரண்டாவது பலம். மன்றோவின் கருவி இதற்கு நல்ல சாட்சி. 1950களில் அவர் அதைப் பழுதுபார்க்கத் தயாரித்த ஆலைக்கே அனுப்பினார். கேட்ட வேலைகள் முழுதாக முடியாமல் திரும்பி வந்தது. கோபத்தில் தலைப்பகுதியில் பதித்திருந்த நிறுவனத்தின் பெயரைக் கத்தியால் சுரண்டி எறிந்தார். அந்தப் பிணக்கு தீரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1985இல் யாரோ அவர் வீட்டில் புகுந்து அதை அடித்து நொறுக்கியபோது, அதே நிறுவனத்தைச் சேர்ந்த சார்லி டெரிங்டன் சிதறல்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி மீட்டுக் கொடுத்தார். முதல் முறை முகம் தெரியாத ஓர் ஆலையிடம் போனது. இரண்டாம் முறை பொறுப்பேற்ற ஒரு மனிதரிடம் போனது. தனிக் கைவினைஞரிடம் வாங்குபவருக்கு அந்த மனிதர் முதல் நாளிலிருந்தே கிடைக்கிறார். கழுத்தின் அகலம், மெட்டுக் கம்பியின் கனம், தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள உயரம் எல்லாம் வாசிப்பவர் விரலைப் பார்த்து அமைகின்றன. பத்து ஆண்டு கழித்து மெட்டுகள் தேய்ந்தால், அந்த மரத்தை அறிந்த கையே மாற்றித் தரும்.

குறைகளும் இதே இடங்களிலிருந்துதான் முளைக்கின்றன. முதல் குறை நகல் மோகம். தனிக் கைவினைஞர் எதையும் செய்யலாம். நடைமுறையில் லோர் காலத்து எஃப்-5ஐயே திரும்பத் திரும்பச் செய்கிறார். துளையின் சாய்வு, வார்னிஷின் நிறம், சீட்டின் அமைப்புவரை பின்பற்றுவதுண்டு. பழமை தெரிய வேண்டுமென்று புதுக் கருவியில் செயற்கையாகத் தேய்மானமும் கீறலும் உண்டாக்கித் தருவதும் நடக்கிறது. எல்லாவற்றிலும் செலவு கூடியது அந்தத் தோள் சுருள். அதைச் செதுக்கி, விளிம்பைச் சுற்றிப் பட்டை பதித்து முடிக்கப் பெரும் உழைப்பு தேவை. ஒலிக்கு அது எதையும் கூட்டுவதாக யாரும் நிறுவவில்லை. சுருளில்லாத ஏ வடிவக் கருவியில் அதே மரமும் அதே செதுக்கலும் அதே துளைகளும் இருக்கலாம். ஆனாலும் சுருளுள்ள எஃப் வடிவக் கருவியின் விலை மிக அதிகம், சில பட்டறைகளில் இருமடங்கை நெருங்கும். கைவினைஞரின் திறமையில் எது காதுக்கு எட்டாதோ அதற்கு வாங்குபவர் அதிகம் கொடுக்கிறார். விதிவிலக்குகள் உண்டு. மாண்டலியோன் 1970களின் இறுதியில் தம் சொந்தக் கோடுகளில் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் ஸ்டீபன் சோபல் நாட்டுப்புற இசைக்கு ஏற்ற பெரிய உறவுக்கருவிகளை வளர்த்தெடுத்தார். இவர்கள் பெயர் தனித்துத் தெரிவதே, மற்றவர்கள் எவ்வளவு நெருக்கமாக ஒரே பாதையில் நடக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது குறை நாதம் பற்றிய நம்பிக்கைகள். பழையது இனிமையானது, வாசிக்க வாசிக்க மரம் ‘திறக்கும்’ என்பவை மாண்டலின்காரர்களிடம் கேள்வி கேட்கப்படாமல் உலவுபவை. வயலினில் இவற்றைச் சோதித்திருக்கிறார்கள். ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் அவர் குழுவினரும் 2012இல் பாரிஸ் அருகே 10 தனிவாசிப்புக் கலைஞர்களிடம், அடையாளம் தெரியாதபடி கண்ணை மறைத்து, பழைய இத்தாலிய வயலின்கள் ஆறையும் புதியவை ஆறையும் கொடுத்தார்கள். 6 பேர் தமக்குப் பிடித்ததாகத் தேர்ந்தது புதியதை. சிட்னியில் ஒரே கைவினைஞர் ஒத்த மரத்தில் செய்த இரண்டு வயலின்களில் ஒன்றைக் காட்சிக்கு வைத்து, மற்றதைத் தொடர்ந்து வாசிக்கவிட்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாண்டலின் வேறு கருவி என்பது உண்மைதான். ஆனால் கண்ணும் விலைச்சீட்டும் காதை எவ்வளவு வழிநடத்துகின்றன என்பதற்கு இவை போதும். முதல் சோதனை வாழும் கைவினைஞருக்கே சாதகமானது. அவரோ தம் கருவியை ‘லோர் போலவே ஒலிக்கிறது’ என்று புகழ வேண்டிய சந்தையில் நிற்கிறார். டூடன்பாஸ்டலின் கருவியை வாசித்துவந்த மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலிகூட 2007இல் 1924ஆம் ஆண்டின் லோர் கருவிக்கு மாறினார். அவர் காதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் அந்த மாற்றம் ரசிகர்களுக்குச் சொன்ன பாடம், புதியது எப்போதும் இரண்டாம் இடத்தில்தான் என்பது.

மூன்றாவது, பணமும் காத்திருப்பும். பெயர்பெற்றவர்களிடம் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். வாங்கப்போகும் கருவியின் ஒலியைக் கேட்காமலேயே வாங்குகிறோம். இடையில் கைவினைஞர் நோயில் விழலாம், தொழிலை விடலாம். விற்க நேர்ந்தால் பெரிய பெயர்களுக்கு மட்டுமே விலை நிற்கும். அதே அளவு நன்றாகச் செய்த, பெயர் பரவாத ஒருவரின் கருவி பாதி விலைக்குப் போகலாம். லோர் கருவிகள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதிலிருந்து, வாசிக்காமல் பூட்டி வைப்பவர்களும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் சேர்ப்பது கையெழுத்துகளை. அதனால் விலை ஏறுகிறது, வாசிப்பவர் வரிசையில் பின்னுக்குப் போகிறார். தவிர, மெல்லியதாகச் செதுக்கிய பலகை ஈரப்பதத்துக்கு உடனே அசையும். உலர்ந்த பட்டறையில் செய்த கருவியைச் சென்னை போன்ற கடலோர ஊரில் வைத்தால் மேல்பலகை உப்பித் தந்தி உயரும். நுட்பத்துக்குக் கொடுக்கும் விலை பராமரிப்பிலும் தொடர்கிறது.

இந்த அளவுகோல்களெல்லாம் ஓர் இசைக்கு உரியவை என்பதும் மறந்துபோகிறது. எஃப்-5இன் புகழுக்குப் பின்னே புளூகிராஸின் தேவை நிற்கிறது. கொட்டு இல்லாத அந்தக் குழுவில் தாளத்தைத் தாங்குவது மாண்டலினின் ‘வெட்டு’, அதாவது தந்திகளைத் தட்டி உடனே அடக்கும் வாசிப்பு. கணீரென்று எழுந்து உடனே அடங்கும் ஒலி அதற்கு வேண்டும். கர்நாடக இசைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ், இணைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கைக்கொண்டார். கமகத்துக்குத் தந்தியை இழுக்க ஒற்றைத் தந்தியே வசதி. ஸ்வரம் நீண்டு நிற்க மின்பெருக்கி துணை. செதுக்கிய ஸ்ப்ரூஸ் பலகை இல்லாமலே உலகின் மிகச் சிறந்த மாண்டலின் இசையில் ஒரு பகுதி பிறந்திருக்கிறது. நல்ல கருவி எது என்பதற்கு வாசிக்கப்போகும் இசையை ஒதுக்கிவிட்டு விடை சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கைவினை மாண்டலின் வாங்கத் தகுந்த பொருள்தான். வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக இல்லை. மரத்தின் தன்மைக்கேற்ற செதுக்கல், வாசிப்பவர் கைக்கேற்ற அமைப்பு, பழுதுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் பணத்துக்குத் தகும். சுருள், செயற்கைத் தேய்மானம், லோரோடு ஒப்பீடு, மறுவிற்பனைக் கனவு ஆகிய நான்கும் தகா. ரசனை என்பது இந்த இரண்டு பட்டியலையும் பிரித்தறிவது. கைவினைஞரும் பிழைக்க வேண்டியவர், கேட்பதைத்தான் செய்வார். சுருளில்லாத கருவியை மனமுவந்து கேட்பவரும், ‘இந்தப் பலகைக்கு உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள்’ என்று சொல்பவரும் பெருகினால், இத்தனை தேர்ந்த கைகள் நூறாண்டுப் பழைய ஒரு வரைபடத்தைவிட்டு வெளியே வரும். அதுவரை நகல் பெருகுவதற்கு, செய்பவர்களைவிட வாங்குபவர்களே அதிகம் பதில் சொல்ல வேண்டும்.