டச்பேட் சொன்னது யாருக்கு?

ஸ்லீப்பில் இருந்து எழுப்பினால் என் பழைய லேப்டாப்பில் டச்பேட் செத்துப்போகும். லினக்ஸ்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே கை வைத்தியம்தான்: பிஎஸ்மவுஸ் மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்று. வேலை செய்யும், அடுத்த ஸ்லீப் வரைக்கும். இதைத் தீர்வுன்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். (ரெண்டு வருஷம் அதையே ஸ்கிரிப்டா போட்டு ஓட்டினவன் நான், அது வேற கதை.)

கடைசியில் கர்னல் லாக்கைப் படித்தேன். ஒவ்வொரு பூட்டிலும் அங்கே ஒரு வரி வந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்த டச்பேடுக்கு வேறொரு பஸ்ஸிலும் பேசத் தெரியும், இன்டர்டச் ஆப்ஷனை 1 என்று வைத்துப் பாருங்கள், எங்களுக்கும் தெரிவியுங்கள் என்கிறது அது. அதாவது 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 வழியை விட்டு எஸ்எம்பஸ் வழிக்கு மாறுவது. மாற்றினேன், பிரச்சினை போச்சு.

என் குறை அந்த வரி மேல்தான். விஷயம் சரி, இடம் தப்பு. எந்த மாடல் தானாக மாறலாம் என்ற பட்டியல் டிரைவரின் சோர்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதில் புது மாடல் சேர யாராவது மெயில் போட வேண்டும். ஆனால் டச்பேட் ஓடாதவர் லாக்கையா திறப்பார்? மவுஸ் வாங்கிவிடுவார். திறக்கிறவரோ தன் லேப்டாப் சரியானதும் கிளம்பிவிடுவார்.

நானும் இன்னும் மெயில் போடலை. இன்னிக்கு ராத்திரி போடணும்.