நெட்லோகோ: 59-இல் குணம் மாறும் காடு

நெட்லோகோ என்ற மாடலிங் மென்பொருளில் என்னைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு ஸ்லைடர். அதன் மாடல் நூலகத்தில் ‘ஃபயர்’ என்று ஒன்று இருக்கிறது. திறந்தால் அந்த ஸ்லைடர் காட்டின் அடர்த்தியைச் சதவீதத்தில் கேட்கும். 55 என்று வைத்து ஓட்டுங்கள். இடது ஓரத்தில் பற்றிய தீ கொஞ்ச தூரம் போய்த் தானே அணைந்துவிடும். 70 என்று வையுங்கள். வலது ஓரம்வரை கரிதான் மிஞ்சும். இவ்விரண்டுக்கும் நடுவே, 59-ஐ ஒட்டி, காடு சட்டென்று குணம் மாறுகிறது. அந்த அடர்த்தியில் தீ மறுகரையை எட்டுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு சதவீதம் கூட்டினால் பெரும்பாலும் எட்டிவிடும்; இரண்டு குறைத்தால் பெரும்பாலும் எட்டாது.

இந்தக் கோடையை ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் கழித்தபடியே இதைப் பழகினேன். மாசி பங்குனியில் அந்த மலையின் இலையுதிர் காடு காய்ந்து, சருகு கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிடும். காட்டுத்தீக்குப் பயந்து தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்யும் பருவம் அது. எங்கே எவ்வளவு இடைவெளி விட்டால் தீ நிற்கும்? மலையில் கேட்கும் அதே கேள்வியைத்தான் அந்த ஸ்லைடரும் கேட்கிறது.

மற்ற விவரங்கள் பலருக்கும் தெரிந்தவை. நெட்லோகோ யூரி வில்லென்ஸ்கி 1999-இல் உருவாக்கியது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இன்றும் வளர்கிறது. குழந்தைகளுக்காக 1967-இல் பிறந்த லோகோ மொழியின் வாரிசு. இலவசம், திறந்த மூலநிரல். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. மாடல் நூலகமும் கூடவே வந்துவிடுகிறது. மலைமேல் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில் இது பெரிய உதவி.

திரும்ப அந்த 59-க்கே வருகிறேன். ஏஜென்ட் மாடலிங் என்ற துறை முழுவதையும் புதியவருக்கு அந்த ஓர் எண் புரியவைத்துவிடும். நிரலில் எங்கேயும் 59 என்று எழுதவில்லை. திரையின் காடு கட்டங்களால் ஆனது; எரியும் கட்டம் ஒவ்வொன்றும் தன்னை ஒட்டிய நான்கு கட்டங்களைப் பார்க்கிறது. அங்கே மரம் இருந்தால் பற்றவைக்கிறது. அவ்வளவுதான் விதி. முழுக் காட்டையும் அறிந்தவர் அங்கே யாருமில்லை. அந்தச் சின்ன விதி ஆயிரக்கணக்கான கட்டங்களில் ஒரே நேரத்தில் நடக்கும்போது, இயற்பியலாளர்கள் பெர்கோலேஷன் என்ற பெயரில் நெடுநாளாக ஆராய்ந்துவரும் 59.27 சதவீதம் என்ற எல்லை தானாக எழுகிறது. பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் குடியிருப்புப் பிரிவினையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் அடிப்படையும் இதுதான்: தனி ஆளின் மெல்லிய விருப்பம் ஊரையே இரண்டாகப் பிரித்துவிடும்.

இனி என்னைத் தூங்கவிடாத பகுதி. நிரலில் ‘நெய்பர்ஸ்4’ என்றொரு சொல் வரும். அதிலுள்ள 4-ஐ மட்டும் அழித்துவிடுங்கள். இப்போது தீ மூலைவாட்டிலும் தாவும். பக்கத்துக் கட்டங்கள் எட்டாகிவிடும். உடனே அந்த எல்லை 59-இலிருந்து ஏறக்குறைய 41-க்கு இறங்குகிறது! அடுத்து, காட்டின் குறுக்கே மூலைவாட்டில் ஒற்றைக் கட்ட அகலத்துக்கு ஒரு தீத்தடுப்புக் கோடு போடுங்கள். நான்கு பக்க விதியில் அது அசைக்க முடியாத மதில். எட்டுப் பக்க விதியில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. காடும் கோடும் அதேதான். ‘பக்கத்து மரம்’ எது என்று நாம் வைத்த இலக்கணம் மட்டும் மாறியிருக்கிறது. திரையில் ஓடும் படத்தை நம்புவதற்கு முன் விதியை விசாரிக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

அதனாலேயே நெட்லோகோ நம்மைக் கேட்காமல் எடுக்கும் முடிவுகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. புதிதாக ஒரு மாடலைத் தொடங்கினால் அதன் உலகத்துக்கு விளிம்பே இருக்காது. வலப்பக்கம் வெளியேறுவது இடப்பக்கம் நுழையும். பறவைக் கூட்டத்துக்கோ வாயு மூலக்கூறுக்கோ அது சரி. மலைக்கு? திருப்பத்தூர்ப் பக்கத்து விளிம்பில் பற்றிய தீ அடுத்த நொடி எதிர்விளிம்பில் போளூர்ப் பக்கம் எரிந்துகொண்டிருக்கும். நூலகத்து ‘ஃபயர்’ மாடலில் இதை அணைத்து வைத்திருக்கிறார்கள். நாமே எழுதும்போது அமைப்புக்குள் போய் நாமே அணைக்க வேண்டும். இதை முதல் திரையிலேயே கேட்டிருக்க வேண்டும். கழித்தல் குறி இன்னொரு தொல்லை. இரு பக்கமும் இடைவெளி விடாவிட்டால், அதையும் பெயரின் ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது. நிரல் எழுதியே பழகாதவருக்கு அந்தப் பிழைச் செய்தியிலிருந்து காரணம் விளங்காது.

சரிவு இல்லாததுதான் பெரிய குறை. ‘ஃபயர்’ மாடலின் காடு தட்டையானது. தீ மேட்டை நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நமக்குக் கொடூரமாகக் காட்டியது. வில்லென்ஸ்கியும் வில்லியம் ராண்டும் 2015-இல் வெளியிட்ட பாடநூலின் மாடல்களும் நூலகத்தில் இருக்கின்றன. பரவும் வாய்ப்பு, காற்று, தீப்பொறி தாவுதல் என்று படிப்படியாக அவை சேர்த்துக்கொண்டே போகின்றன. சரிவை நாம்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம், மேட்டுப்பக்கம் பரவ அதிக வாய்ப்பு: சில வரிகளே. அந்த வரிகளை எழுதும் நாளில் கற்பவர் பார்வையாளர் நிலையைத் தாண்டிவிடுகிறார்.

ஒருமுறை ஓடவிட்டு முடிவு சொல்வதை விட்டுவிடுங்கள். ‘பிஹேவியர் ஸ்பேஸ்’ என்ற வசதி அடர்த்தியை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் நூறுமுறை ஓட்டி, விடைகளை அட்டவணையாகத் தரும். இந்த மென்பொருளின் உண்மையான பலம் அதில்தான். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இதே வேலைக்கு ‘மேசா’ இருக்கிறது; நல்ல கருவி. ஆனால் முதல் நாளிலேயே கையில் ஒரு காட்டைக் கொடுப்பது நெட்லோகோதான். நான் அதன் பக்கமே நிற்கிறேன்.

ஒரு கோரிக்கையும் உண்டு. மெனுவும் உதவிக் குறிப்புகளும் தமிழில் வர வேண்டும். எந்தச் சரிவு முதலில் காயும், எந்தப் புல் வேகமாகப் பற்றும், காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு நல்ல மாடலுக்கு வேண்டிய விதிகள் அவைதான். ஆங்கிலம் குறுக்கே நிற்காவிட்டால், பாடநூலில் இல்லாத மாடல்களை அவர்கள் எழுதுவார்கள்.