கொக்கியில் தொங்காத சைக்கிள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் தொடங்கி, இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையிலுள்ள கிராடோவில் முடிகிறது ஆல்ப்-ஆட்ரியா சைக்கிள் பாதை. நீளம் ஏறத்தாழ 410 கிலோமீட்டர். காஸ்டைன் பள்ளத்தாக்கில் மேடேறி வருகிறவர்களுக்கு பொக்ஸ்டைனில் பாதை நின்றுவிடுகிறது, எதிரே மலை. அதைக் குடைந்து 1909இல் திறக்கப்பட்ட டாவர்ன் ரயில் சுரங்கம் எட்டு கிலோமீட்டருக்கும் அதிகம். கார்களைச் சுமந்து அதற்குள் போகும் ரயில், சைக்கிள்காரர்களையும் ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மறுபக்கம் மால்னிட்ஸில் இறக்கிவிடுகிறது. எல்லை தாண்டி இத்தாலிக்குள் போனால், பாதை பழைய பொன்டெபானா ரயில் தடத்தின் மேலேயே ஓடுகிறது. புதிய சுரங்க வழி வந்தபின் கைவிடப்பட்ட அந்தத் தடத்தின் பாலங்களும் சுரங்கங்களும் இன்று சைக்கிளுக்கு உரியவை. கியூசாஃபோர்ட்டேயின் பழைய ஸ்டேஷனில் இப்போது சைக்கிள்காரர்கள் காபி குடித்து இளைப்பாறுகிறார்கள். திரும்பிப் போக, 2012 முதல் ஓடும் மிகோத்ரா ரயில் இத்தாலியின் உதினேயிலிருந்து ஆஸ்திரியாவின் ஃபில்லாக்கிற்கு சைக்கிளோடு கொண்டு சேர்க்கிறது.

இந்த ஒரு பாதையை மட்டும் பார்க்கிறவர், ரயிலும் சைக்கிளும் ஐரோப்பாவில் முழுமையாக ஒத்துப்போய்விட்டன என்றே நினைப்பார். கண்டம் முழுவதையும் பார்த்தால் நிலைமை வேறு. சைக்கிளுக்கு இடமே இல்லை என்ற குறை மெல்லத் தீர்ந்து வருகிறது. தீராமல் நிற்பது, கொடுக்கப்படும் இடம் எந்த மாதிரி சைக்கிளை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது என்பது. பையில்லாத, எடை குறைந்த, தனியாள் ஓட்டும் ஒரு சைக்கிளை நினைத்தே பெட்டிகள் கட்டப்படுகின்றன. கூடாரம், சமையல் சாமான், மழைச்சட்டை என்று வாரக்கணக்கான வாழ்க்கையைச் சுமந்து வரும் சைக்கிள் அந்த நினைப்பில் இல்லை.

முதலில் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் போகும் வழக்கத்தின் பலத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பெரியது. ஐரோப்பாவின் நெடுந்தூர சைக்கிள் பாதைகளில் மக்கள் அதிகம் விரும்புபவை ஆற்றோரப் பாதைகள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவேலோ 6 பாதை, லுவார் நதியையும் டான்யூபையும் ஒட்டியே நீள்கிறது. ஆற்றோரப் பாதை இயல்பிலேயே ஒருவழிப் பாதை. பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூபின் போக்கிலே, பெரும்பாலும் மேல்காற்று முதுகைத் தள்ள, இறக்கத்தில் வருவது சுகம். அதே வழியில் எதிர்காற்றில் திரும்புவதை யாரும் விரும்புவதில்லை. பள்ளத்தாக்கில் ஆறு எங்கே போகிறதோ அங்கேதான் தண்டவாளமும் போகிறது என்பதால், எந்த ஊரில் களைத்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கும். மழை பிடித்தாலும் ஆரக்கம்பி முறிந்தாலும் முட்டி வலித்தாலும் பயணம் பாழாவதில்லை. எழுபது வயதுக்காரரும் பத்து வயதுப் பிள்ளையும் ஒரே குழுவில் போக முடிவதற்கு இதுதான் காரணம். விமானத்தில் கொண்டுபோக வேண்டுமானால் பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, அட்டைப்பெட்டியில் அடைத்து, அது வளையாமல் வந்து சேருமா என்று காத்திருக்க வேண்டும். ரயிலில் இறங்கிய கணமே மிதிக்கத் தொடங்கலாம்.

இந்த பலம் புதிதாக வந்ததல்ல. எஞ்சின் இழுத்த பழைய ரயில்களில் சாமான் பெட்டி என்று ஒன்று தனியாக இருந்தது. அகலக் கதவு, வெறும் தரை, ஒரு ஊழியர். சைக்கிளோ பெட்டிபடுக்கையோ அதில் ஏறின. 1981இல் பிரான்ஸில் டிஜிவியும் 1991இல் ஜெர்மனியில் ஐசிஇயும் ஓடத் தொடங்கியபின், பெட்டிகளைப் பிரிக்காமல் ஒரே தொடராகவே கட்டப்பட்ட அதிவேக ரயில்கள் நெடுந்தூரப் பயணத்தை எடுத்துக்கொண்டன. அவற்றில் ஒவ்வொரு மீட்டரும் இருக்கைக்கானது. சாமான் பெட்டிக்கு இடமில்லை. ஜெர்மனியில் 1988இல் தொடங்கிய இன்டர்ரெகியோ ரயில்களில் சைக்கிளுக்கு நல்ல இடம் இருந்தது. அந்த ரயில்களும் பின்னர் நிறுத்தப்பட்டன. 2017இல் ஐசிஇ 4 வந்தபோதுதான் ஐசிஇக்குள் சைக்கிள் முறையாக நுழைந்தது, ஒரு தொடருக்கு எட்டு. இத்தாலியின் ஃப்ரெச்சா ரயில்கள் இன்றும் மடக்கு சைக்கிளையோ, கழற்றிப் பையில் அடைத்ததையோதான் ஏற்கின்றன. பையின் அளவு 80, 110, 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் கேரியர், மட்கார்டு பூட்டிய பயண சைக்கிளை அந்த அளவுக்குள் கொண்டுவர அதைக் கிட்டத்தட்ட முழுவதும் பிரிக்க வேண்டும். அனுமதி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இடம் உள்ள ரயில்களிலும் சிக்கல் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. பயண சைக்கிள் மட்டும் 15 கிலோ இருக்கும். பைகளோடு 35, 40 கிலோ. ஐரோப்பிய நடைமேடைகளின் பொது உயரம் 55 அல்லது 76 சென்டிமீட்டர். அதிவேக ரயிலின் தரை அதைவிட மேலே இருப்பதால் குறுகிய கதவுக்குள் படிகள் வருகின்றன. இடைநிலை ஸ்டேஷனில் ரயில் நிற்பது இரண்டு நிமிடம். பைகளைக் கழற்றி முதலில் உள்ளே எறிவதா, சைக்கிளைத் தூக்குவதா? கழற்றினால் இரண்டு நடை. கழற்றாவிட்டால் ஒருவரால் தூக்க முடியாது. 12 பெட்டி ஐசிஇ 4 தொடர் ஏறத்தாழ 350 மீட்டர் நீளம், சைக்கிள் இடம் ஒரு கோடியில். அன்று பெட்டி வரிசை தலைகீழாக வருகிறது என்று கடைசி நிமிடத்தில் அறிவித்தால், கூட்டத்தினூடே பாரத்தை உருட்டிக்கொண்டு மறுகோடிக்கு ஓட வேண்டும்.

உள்ளே போனால் கொக்கி. ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டிலும் இன்னும் பல ரயில்களிலும் சைக்கிளை முன்சக்கரத்தால் மேலே மாட்டித் தொங்கவிட வேண்டும். கொக்கியால் தரைப்பரப்பு மிச்சமாகிறது. ரயிலை வடிவமைப்பவருக்கு அது பெரிய லாபம், மறுக்கவில்லை. அந்த லாபத்துக்கான விலையைக் கொடுப்பது பயணி. பைகளோடு தொங்கவிட முடியாது. எல்லாவற்றையும் கழற்றினால் பைகளுக்கு இடம் வேண்டும், அந்த இடம் வரைபடத்தில் இல்லை. குள்ளமானவர், வயதானவர், தோள்வலி உள்ளவர் 15 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். மின்சார சைக்கிள் என்றால் 25 கிலோ. அடுத்தடுத்த கொக்கிகள் நெருங்கியிருப்பதால் ஹேண்டில்பார்கள் பின்னிக்கொள்கின்றன. நடுவில் உள்ளவர் இறங்க மற்ற இருவர் எழுந்து வர வேண்டியிருக்கிறது. காகிதத்தில் ஆறு என்று எழுதிய இடம், பாரமேற்றிய சைக்கிள்கள் வந்தால் நான்குக்கே திணறுகிறது.

முன்பதிவு விஷயத்தில் எனக்கு இரு மனம். இடம் குறைவாக இருக்கையில் முன்பதிவு நியாயமானது. நம்பி ஸ்டேஷனுக்குப் போகலாம். ஆனால் சைக்கிள் பயணத்தின் சுகமே நாளை எந்த ஊரில் இருப்போம் என்று இன்று தெரியாமலிருப்பதில் இருக்கிறது. கோடையில் வாரங்களுக்கு முன்பே சைக்கிள் இடங்கள் தீர்ந்துபோகிற வழித்தடத்தில், காற்றைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ள முடியாது. எல்லை தாண்டும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விதி, தனி விற்பனைத் தளம். ஒரே சீட்டில் மனிதரையும் சைக்கிளையும் மூன்று நாடுகள் வழியே அனுப்புவது பல வழிகளில் இன்னும் இயலவில்லை. பல நாடுகளில் செல்லும் இன்டர்ரெயில் பாஸும் சைக்கிளைச் சேர்த்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது இணைப்பு ரயில் தவறும்போது நேர்வது. பயணி அடுத்த ரயிலில் ஏறிப் போகலாம், நின்றுகொண்டாவது. சைக்கிளின் முன்பதிவோ தவறிய ரயிலோடு போய்விட்டது. அடுத்ததில் இடம் இருந்தால்தான் உண்டு.

நல்ல விதிவிலக்கு வட்டார ரயில்கள். தாழ்ந்த தரை, அகலக் கதவு, மடக்கு இருக்கைகள் கொண்ட வெறும் கூடம். பைகளைக் கழற்றாமலே உருட்டி ஏற்றிச் சுவரோரம் சாய்த்துவிடலாம். பல இடங்களில் முன்பதிவே கிடையாது. ஜெர்மனியின் ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகு சைக்கிளுக்குக் கட்டணமும் இல்லை. மெதுவாகப் போனாலும், பாரமேற்றிய சைக்கிளுக்கு உண்மையான துணை இந்த ரயில்தான் என்பது என் முடிவு.

அங்கும் ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தால் ஆற்றோர ரயில்கள் பிதுங்குகின்றன. அதே கூடத்தில்தான் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நிற்க வேண்டும், அவற்றுக்கே முதல் உரிமை. நடத்துநர் இறங்கச் சொன்னால் சைக்கிள்காரர் இறங்கத்தான் வேண்டும், அதில் முறையிட ஒன்றுமில்லை. அகலமாகப் பை கட்டிய ஒரு சைக்கிள் இரண்டின் இடத்தை அடைக்கிறது என்பதையும் நம் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் இருந்தால் நடைமேடையிலேயே பைகளைக் கழற்றித் தயாராக நிற்பது, முதலில் இறங்குகிறவரின் சைக்கிளை வெளிப்புறம் வைப்பது, மாலை நெரிசலைத் தவிர்ப்பது ஆகியவை நம் பொறுப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஒழுங்குமுறை, 2025 ஜூன் முதல், புதிதாக வாங்கும் அல்லது பெரிதாகப் புதுப்பிக்கும் ரயில்களில் ஒரு தொடருக்குக் குறைந்தது 4 சைக்கிள் இடம் வேண்டும் என்கிறது. முன்பதிவு செய்தபின் தக்க காரணமின்றி சைக்கிளை மறுத்தால் பணத்தைத் திரும்பப் பெறவோ மாற்று வழியில் போகவோ அது உரிமை தருகிறது. இந்த உரிமை பெரிய வெற்றி. எண்ணிக்கையோ போதாது: தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் ஏறினால் அந்த ரயிலில் வேறு யாருக்கும் இடமில்லை. இடத்தின் வடிவம் பற்றி இன்னும் கடுமையாகப் பேசப்பட வேண்டும். கோடையில் பிரான்ஸில் ஓர்லியானிலிருந்து லெ க்ரோவசிக் வரை ஓடும் லுவார் சைக்கிள் ரயிலில் இருக்கைகளை அகற்றி சைக்கிளுக்கு இடம் செய்கிறார்கள், ஏற்றி இறக்க ஊழியர்கள் நிற்கிறார்கள். செக் நாட்டின் சில நெடுந்தூர ரயில்களில் சைக்கிளை ஊழியரிடம் ஒப்படைக்கும் பழைய முறை இன்னும் உண்டு. ஆகவே இது முடியாத காரியமல்ல. ஒரு ரயில் தொடர் முப்பது, நாற்பது ஆண்டு ஓடும். இன்று கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் 2060ஐயும் தொடும். அவற்றில் இத்தனை சைக்கிள் என்பதோடு, தரையில் நிறுத்தத்தக்க இடம், பை கழற்றாமல் நுழையத்தக்க கதவு, குளிர்காலத்தில் இருக்கையாகவும் கோடையில் வெறும் கூடமாகவும் மாறும் ஒரு பெட்டி என்பவையும் அளவோடு எழுதப்பட வேண்டும்.