தாபத நிலையும் தாபத வாகையும்: கொல்லிப் பாடல்களை முன்வைத்துத் தனித்துச் சமைத்தல் குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தில் உணவு பற்றிய ஆய்வுகள் பெரிதும் திணைசார் உணவு, விருந்தோம்பல், பாணர்க்கு அளிக்கப்பட்ட ஊண் ஆகியவற்றை மையமிட்டவை. தனித்து வாழ்பவர் தமக்கெனச் சமைத்துண்ணும் உணவு அவற்றில் வறுமையின் அடையாளமாகவோ கைம்மை நோன்பின் கூறாகவோ மட்டும் குறிக்கப்படுகிறது. கொல்லிமலையைப் பாடும் பாடல்களிலிருந்து தொடங்கி, புறநானூற்றின் தாபத நிலை, தாபத வாகைத் துறைப் பாடல்களை ஒப்பிடும் இக்கட்டுரை, தனித்தவர் உணவின் மதிப்பை முடிவு செய்வது உணவுப்பொருள் அன்று, உண்பவர் யார் என்பதே என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, புறநானூறு, குறுந்தொகை, தாபத நிலை, தாபத வாகை, கைம்மை, அல்லி, வேளை, சிறுதானியம்.

முன்னுரை

சமைத்தல் என்பது சங்கப் பாடல்களில் பெரும்பாலும் பிறர்பொருட்டு நிகழும் செயலாகும். கணவனுக்காகத் தயிர் பிசைந்து புளிப்பாகர் அடும் இளமனைவியும் (குறுந். 167), விருந்தினர்க்காகப் புகையால் கண்கலங்க மீன் துண்டங்களை அடும் தலைவியும் (நற். 120) இதற்கு எடுத்துக்காட்டாவர். இருவரும் அடுப்பின் முன் தனியாகவே உழைக்கின்றனர். ஆயினும் அவ்வுழைப்பைப் பாடுபொருளாக்குவது உண்பவனின் முகமலர்ச்சி அல்லது விருந்தின் வருகை. அடுபவரும் உண்பவரும் ஒருவரேயாகும் இடத்தைப் புலவர்கள் எவ்வாறு கண்டனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இவ்வினாவைக் கொல்லிமலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. விதைத்தல், குற்றுதல், வேட்டையாடிப் பகிர்தல் எனச் சமையலுக்கு முன்னும் பின்னுமுள்ள உழைப்புகள் கொல்லியைப் பாடும் சில பாடல்களில் காணக்கிடைக்கின்றன. அவற்றில் கூட்டு வாழ்வு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டபின், அதிலிருந்து விலகித் தனித்தவரின் உணவைப் புறநானூற்றில் காண்பது ஒப்பீட்டுக்கு உறுதி தரும்.

கொல்லிப் பாடல்களில் ஊணும் உழைப்பும்

கபிலரின் குறுந்தொகைப் பாடல் (100) கொல்லிப் பாவையைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்குகிறது. அவ்வுவமையை அடைவதற்கு முன் அது ஒரு சிற்றூரின் வாழ்வைச் சொல்லிச் செல்கிறது. அருவி பாயும் நிலத்தில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைக்கின்றனர். பயிரினூடே முளைத்த மலைமல்லிகையையும் மரலையும் களைகின்றனர். ஊர் பசித்தால் யானைக் கொம்பை விற்று உண்கின்றனர். இங்குப் பசிப்பது சிறுகுடி முழுவதும். ஒரு வீட்டின் பசியாகவோ ஒருவரின் பசியாகவோ அது சொல்லப்படவில்லை. பசியைத் தீர்க்கும் வழியும் விற்றுக் கொள்ளும் பரிமாற்றமே. மலைவாழ்வு தன்னுள் நிறைவு பெற்று மூடிக்கிடந்தது என்னும் பொதுக்கருத்தை இப்பாடல் ஏற்பதாக இல்லை.

பரணரின் பாடல் (குறுந். 89) உரலை முன்னிறுத்துகிறது. சேரனின் கொல்லிமலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்ற இளம்பெண் வள்ளைப்பாட்டுப் பாடிக் குற்றுகிறாள்; அயலார் அலர் தூற்றுகின்றனர். குற்றுதல் ஊரின் காதில் விழும் உழைப்பு என்பதையே தோழியின் கூற்று உணர்த்துகிறது. வள்ளைப்பாட்டு இருவர் மாறி மாறிப் பாடிக் குற்றும் மரபை உடையது என்பதைக் கலித்தொகையின் குறிஞ்சிக்கலி காட்டும். தானியத்தை உமி நீக்கி உணவாக்குவது துணை நாடும் வேலை.

மூன்றாவதாக வன்பரணர் ஓரியைப் பாடிய பாடல் (புறம். 152). யானை தொடங்கி உடும்பு வரை ஊடுருவும் அம்பை எய்த வேட்டுவன், எதிர்ப்பட்ட பாணர் சுற்றத்துக்கு மான் இறைச்சியையும் மதுவையும் கொல்லியில் பிறந்த பொன்னையும் மணியையும் காட்டிடையே வழங்குகிறான். அவ்விறைச்சியை யார் சமைத்தார் என்பதைப் பாடல் சொல்லவில்லை. இதே புலவர் நள்ளியைப் பாடிய பாடலில் (புறம். 150) இது வெளிப்படையாகவே உள்ளது. துணையாக வந்த இளையர் வந்து சேரும் முன், தானே கடைந்த தீயில் விரைந்து இறைச்சியைச் சுட்டுச் சுற்றத்தோடு உண்ணுமாறு கொடுக்கிறான் நள்ளி, பெயரையும் சொல்லவில்லை. ஆடவன் காட்டில் தனித்துச் சமைக்கும் அருங்காட்சி இது. எனினும் அவன் சமைப்பது தனக்கன்று. அதனாலேயே அவனது தனிமை இரங்கத்தக்கதாக இல்லாமல் வள்ளன்மையின் உச்சமாகிறது.

விருந்து என்னும் அளவுகோல்

இம்மதிப்பீட்டின் அறக்கோட்பாட்டைக் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் பாடலில் (புறம். 182) காணலாம். இந்திரர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் அதைத் தனித்து உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைபெறுகிறது என்பது அதன் கருத்து. இல்லம் உடையவனை நோக்கிச் சொல்லப்படும்போது இக்கோட்பாடு ஈகையைத் தூண்டும் அறம். உடன் உண்ண ஒருவரும் இல்லாத நிலையில் வாழ்பவரை இதே அளவுகோலால் அளந்தால், அவரது ஒவ்வொரு வேளை உணவும் குறையுடையதாகிவிடும். இவ்வளவுகோல் யார் மீது எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

தாபத நிலை: நெய் நீக்கிய அடுப்பு

கணவனை இழந்த பெண்ணின் நோன்பு வாழ்வைத் தொல்காப்பியம் காஞ்சித் திணையில் தாபத நிலை எனச் சுட்டுகிறது. புறநானூற்றின் 248, 249, 250 ஆகிய பாடல்கள் அடுத்தடுத்து இத்துறையில் அமைந்தவை. ஒக்கூர் மாசாத்தனார் பாடலில் (248) பேசுபவள், இளமையில் தழையாடை தந்த ஆம்பலே இன்று பொழுது மறுத்து உண்ணும் உணவுக்கு அல்லி தருகிறது என இரங்குகிறாள். தாயங்கண்ணியார் பாடல் (250) இல்லத்தை நோக்கிப் பேசுகிறது. தாளிக்கும் ஓசை நிறைந்து, இரவலரைத் தடுத்து நிறுத்தி உணவளித்த அந்த வீடு, இன்று கூந்தல் கொய்து வளை நீக்கி அல்லி உண்ணும் மனைவியோடு பொலிவிழந்து நிற்கிறது. குய்யின் ஒலி அடங்கியதே அவ்வீட்டின் இழப்பு. உணவு உண்டு, உணவின் ஓசைதான் இல்லை. தனித்த வீட்டின் மாற்றத்தை இத்துணைக் கூர்மையாகச் சொன்ன பாடல்கள் குறைவு.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் பாடல் (246) ஆனந்தப்பையுள் துறையினது. தீப்பாய்வதைத் தடுக்கும் சான்றோரிடம், தான் கைம்மை உணவு உண்டு வாழும் பெண்டிருள் ஒருத்தியல்லள் என மறுக்கும் அவள், மறுப்பதற்காகவே அவ்வுணவை விரித்துரைக்கிறாள். வெள்ளரி விதை போன்ற வெண்ணிற நெய் நீக்கப்படும். நீர்ச்சோறு கையால் பிழிந்து இலையில் இடப்படும். வெள்ளெள் அரைத்த சாந்தும் புளியும் சேர்த்து வேளைக்கீரை வேகவைக்கப்படும். பரல் பரப்பிய படுக்கையில் பாயின்றித் துயில வேண்டும். உணவை வெறுத்து ஒதுக்கும் குரலே அதன் பொருள்களையும் செய்முறையையும் நமக்குத் துல்லியமாக விட்டுச்சென்றிருக்கிறது.

இவ்வுணவு தன்னளவில் தாழ்ந்ததா? கோப்பெருஞ்சோழன் பாடிய பாடல் (புறம். 215) இதற்கு விடை தருகிறது. பிசிராந்தையாரின் நாட்டைச் சிறப்பிக்கும் அப்பாடலில், குற்றிய வரகுச் சோற்றோடு வேளைப் பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் அட்ட புளிச்சுவை மிக்க மிதவையை அவரை கொய்வோர் நிறைய உண்கின்றனர். அதே வேளை, அதே புளிப்பு, அங்கே வரகு, இங்கே நீர்ச்சோறு. ஒன்று நாட்டின் வளத்துக்குச் சான்று; மற்றது உயிர்வாழ்தலை வெறுக்கச் செய்யும் துயரம். வேறுபாடு கீரையில் இல்லை, உண்போரின் எண்ணிக்கையிலும் நிலையிலும் உள்ளது. ஆகவே 246ஆம் பாடலின் உணவை வறுமை உணவு என வகைப்படுத்தும் ஆய்வுரை, அரசமாதேவியின் மதிப்பீட்டைப் பொருளின் இயல்பாகப் பிறழ உணர்கிறது எனலாம்.

இங்கு ஒரு தடை எழலாம். எள்ளும் கீரையும் நல்லுணவு என்பதால் கைம்மை நோன்பின் கொடுமை குறைந்துவிடுமா? குறையாது. நெய் விலக்கப்பட்டது சுவை கருதி அன்று. பரல் படுக்கை தேர்ந்துகொண்ட படுக்கையும் அன்று. ஊர் விதித்த விதி உணவின் வழியாக உடலில் எழுதப்படுகிறது. கொடுமை விதித்தலில் உள்ளது, வேளைக்கீரையில் இல்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காணாவிடில் விதியின் மீது வைக்க வேண்டிய விமரிசனம் உணவின் மீது விழுந்துவிடும்.

தாபத வாகை: இலை கொய்யும் ஆடவன்

தாபத நிலைப் பாடல்களை அடுத்தே மாற்பித்தியாரின் இரு பாடல்கள் (251, 252) இடம்பெறுகின்றன. இவை தாபத வாகைத் துறையின. முன்பு மகளிரைத் தன் அழகாலும் சொல்லாலும் கவர்ந்த ஒருவன் இன்று துறவியாக மலைக்காட்டில் வாழ்கிறான். காட்டு யானை கொணர்ந்த விறகில் தீ வளர்த்துச் சடையைப் புலர்த்துகிறான். அருவியில் நீராடி நிறம் மாறிய சடையோடு தாளி இலை கொய்கிறான்.

இவனும் தனித்தவன். இவன் கையில் இருப்பதும் காட்டில் கொய்த இலையே. இவன் தலைமுடியும் பொலிவிழந்ததே. 250ஆம் பாடலில் வீட்டின் பொலிவின்மையைச் சுட்டும் அதே சொல் 252இல் இவன் சடைக்கு அடையாகிறது. ஆனால் இவனது தனிமை வாகைத் திணையில், அதாவது வெற்றியின் பகுப்பில் வைக்கப்பட்டுள்ளது. அவளது தனிமை நிலையாமையைப் பேசும் காஞ்சியில் தொல்காப்பியரால் வைக்கப்பட்டது. ‘தாபதம்’ என்னும் சொல் இருவர்க்கும் பொது. அவன் தவம் ஈட்டியது. அவள் தவம் நேர்ந்தது. அவன் விட்டுவந்த வாழ்வு பாடலில் பெருமிதத்தோடு நினைவுகூரப்படுகிறது. அவள் இழந்த வாழ்வு கண்ணீரோடு நினைவுகூரப்படுகிறது. தொகுத்தோர் இவற்றை அடுத்தடுத்து வைத்தது துறைப்பெயர் ஒப்புமை கருதியதாக இருக்கலாம். நோக்கம் எதுவாயினும், வரிசையாகப் படிப்பவர்க்கு இம்முரண் தெளிவாகப் புலப்படுகிறது.

தேர்வு என்பதே இங்கு அளவுகோலாகிறது. தனித்து உண்ணல் தேர்ந்துகொள்ளப்பட்டபோது உயர்வும், சுமத்தப்பட்டபோது தாழ்வும் பெறுகிறது. அத்தேர்வுரிமை பாடல்களில் ஆடவனுக்கே கிடைக்கிறது. பெருங்கோப்பெண்டுக்கு அவளைச் சூழ்ந்த சமூகம் காட்டிய வழிகள் இரண்டு: வேளைக்கீரை, அல்லது ஈமத்தீ. அவள் தேர்ந்தது தீயை. தனக்கென ஓர் அடுப்பை மூட்டித் தான் விரும்பியதைச் சமைத்து வாழும் மூன்றாம் வழி அவள் சொற்களில் இடம்பெறவே இல்லை.

இன்றைய கொல்லிமலை

இம்மறுவாசிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி மரபு அவர்களது முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறுகிறது. எனவே சங்கப் பாடல்களின் மக்களோடு அவர்களை நேராக இணைப்பது பொருந்தாது. ஆனால் உரலுக்கும் உணவுக்கும் தனிமைக்கும் உள்ள உறவு இம்மலையில் இன்றும் தொடரும் வினாவாகும்.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை இங்குத் தொன்றுதொட்டு விளைந்தவை. சாமையின் மணி மிகச் சிறியது, உமி கடினமானது. காயவைத்து, குற்றி, புடைத்து, மீண்டும் குற்ற வேண்டும். இவ்வேலை முழுவதும் பெண்கள் மீது விழுந்தது. சவ்வரிசி ஆலைகளுக்கு விலைபோகும் மரவள்ளி பரவியதும் நியாயவிலைக் கடை அரிசி எளிதாகக் கிடைத்ததும் சிறுதானியப் பரப்பைக் குறைத்தன. 2011 சூன் முதல் தமிழகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குச் சிறுதானியப் பாதுகாப்பில் ஈடுபட்டு, சிற்றூர்களில் உமி நீக்கும் பொறிகளை அமைத்தது குற்றும் சுமையை உணர்ந்ததன் விளைவே.

இப்பின்னணியில் தனித்து வாழ்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் வயிற்றுக்கான சாமையைக் குற்ற எடுக்கும் தொடக்க வேலை நால்வர்க்கானதைவிடப் பெரிதும் குறைவதில்லை; துணைக்கு மறுகையும் இல்லை. கடையரிசி அவர்க்கு வெறும் மலிவன்று, ஓய்வும் ஆகும். சிறுதானியம் கைவிடப்படுவதை மரபிழப்பு என்று மட்டும் எழுதும்போது இவ்வோய்வின் மதிப்பு கணக்கில் வருவதில்லை. கபிலரின் சிறுகுடி யானைக் கொம்பை விற்று உண்டதை இழிவாகக் கருதாத வாசகர், மரவள்ளியை விற்று அரிசி உண்பதை மட்டும் வீழ்ச்சியாகக் கருதுவதற்குத் தக்க காரணம் சொல்ல வேண்டும்.

முடிவுரை

கொல்லிப் பாடல்கள் உணவைக் கூட்டு உழைப்பாகவும் பகிர்வாகவும் காட்டுகின்றன. அக்கூட்டிலிருந்து தனித்தவரைப் புறநானூறு இரு துறைகளில் வைக்கிறது. ஒரே வகை உணவு ஆடவனுக்கு வாகையாகவும் பெண்ணுக்குத் துயர நிலையாகவும் அமைகிறது. 215, 246 ஆகிய பாடல்களை இணைத்துக் கண்டால், இழிவு வேளைக்கீரைக்கு உரியதன்று என்பது உறுதியாகிறது. தனித்தவர் உணவை வறுமை, நோன்பு என்னும் இரு தலைப்புகளுள் அடக்கும் வழக்கத்தை ஆய்வுலகம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். எள்ளரைத்துப் புளி சேர்த்துக் கீரை வேகவைத்த பெயர் தெரியாப் பெண்டிர் சமைக்கத் தெரிந்தவர்கள். அவர்களது கைத்திறம் ஒருத்தியின் மறுப்புரையில் மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது.