கெட்டியாக்கினால் போதுமா?

தண்ணீர் குடிக்கும்போது குழந்தைக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வீடுகளின் வழக்கம். எப்போதோ ஒருமுறை என்றால் அந்தச் சொல்லோடு விட்டுவிடலாம். ஆனால், ஒன்றரை இரண்டு வயதுக் குழந்தைக்கு டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் புரையேறுகிறது. குடித்து முடித்ததும் குரல் கொழகொழவென்று மாறுகிறது. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிறகு டம்ளரைக் கண்டாலே குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. இத்தனையும் சேர்ந்து வந்தால், விழுங்கும் செயலிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அண்ணப் பிளவு உள்ள குழந்தைகள், நெடுநாள் மூக்குக் குழாய் வழியே பால் பெற்ற குழந்தைகள் ஆகியோரிடம் இதை அதிகம் காண்கிறோம்.

இந்தக் குழந்தைகளுக்குப் பல நாடுகளிலும் பரிந்துரைக்கப்படும் உபாயம், குடிக்கும் பானத்தைக் கெட்டியாக்குவது. கடையில் வாங்கிய பொடியைக் கலந்தோ, வீட்டில் கஞ்சியாகக் காய்ச்சியோ கொடுக்கச் சொல்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவை உறுதியான குழந்தைக்கு இது மூச்சுக்குழாயைக் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் இது குடிக்கக் கற்றுத்தராது. போதிய நீர் உள்ளே போவதற்கும் உத்தரவாதம் தராது. எவ்வளவு கெட்டி, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது என்று தீர்மானிக்காமல் தொடங்கிவிடுவதில்தான் இந்த வழக்கம் பிழைபட்டுப் போகிறது.

காப்பது எப்படி?

தொண்டையில் காற்றுக்கும் உணவுக்கும் ஓரிடம் வரை ஒரே பாதை. விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலெழும்ப வேண்டும், குரல்நாண்கள் சேர்ந்து மூட வேண்டும், குரல்வளை மூடி சாய வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன. தண்ணீர் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. நாக்கு அதைத் திரட்டிப் பிடிக்கத் தவறினாலோ, விழுங்கும் அனிச்சைச் செயல் சற்றுத் தாமதித்தாலோ, அது வழிந்து திறந்திருக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். கெட்டியான பானம் மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. இட்லியைச் சிரமமில்லாமல் விழுங்கும் குழந்தை வெறும் தண்ணீருக்குத் திணறுவதன் காரணமும் இதுதான். "சாப்பாடு இறங்குது, தண்ணி மட்டும் வேண்டாங்குது, பிடிவாதம்" என்று வீட்டில் சொல்லும்போது குழந்தையின் மீது பெரும் அநியாயம் நடக்கிறது.

இன்னோர் ஆபத்து, இருமலே இல்லாமல் நீர் மூச்சுக்குழாய்க்குள் போவது. தொண்டையின் உணர்வு மங்கிய குழந்தைகளுக்கு இது நேரும். வெளியே ஒன்றும் தெரியாது; நிமோனியா மட்டும் மீண்டும் மீண்டும் வரும். இத்தகைய குழந்தையை எக்ஸ்ரே வீடியோவில் பரிசோதித்து, எந்தக் கெட்டித்தன்மையில் நீர் பாதுகாப்பாக இறங்குகிறது என்று நேரில் கண்டு கொடுக்கும்போது, இந்த முறை உயிர்காக்கும் மருத்துவம் ஆகிறது.

இந்த முறைக்கு வலுச் சேர்த்தது அளவு பற்றிய ஒழுங்கு. முன்பெல்லாம் ஒரு மருத்துவமனையின் "கொஞ்சம் கெட்டி" இன்னொன்றில் "ரொம்பக் கெட்டி"யாக இருந்தது. 2013-ல் தொடங்கிய சர்வதேச முயற்சி ஒன்று, உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை படிகளாக வகுத்தது. பானங்களுக்கு 0 முதல் 4 வரை. அளந்து பார்க்க 10 மில்லி சிரிஞ்ச் போதும். தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 நொடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்ப் பதம், படி 0. 1 முதல் 4 வரை மிஞ்சினால் படி 1. 4 முதல் 8 வரை படி 2. 8-க்கு மேல் மிஞ்சினாலும் ஒழுகவே செய்தால் படி 3. சொட்டுக்கூட விழாவிட்டால் படி 4. சிரிஞ்சில் 0 கோட்டுக்கும் 10 கோட்டுக்கும் இடையே 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இவ்வளவு எளிய சோதனையைத் தாய்க்குக் கற்றுக்கொடுக்காமல் "கெட்டியா குடுங்க" என்று அனுப்பிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அடுப்படியில் தவறும் கணக்கு

நம் சமையலறையில் கெட்டியாக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. அரிசி மாவு, கேழ்வரகு, ஜவ்வரிசி என்று எல்லாம் இருக்கின்றன. விலை குறைவு, பழகிய ருசி, கூடவே கொஞ்சம் சத்து. ஆனால் மாவுக் கஞ்சி நிலையாக நிற்பதில்லை. சூட்டில் நீர்க்க இருக்கும். ஆற ஆற இறுகும். காய்ச்சிய உடனே அளந்த படி ஊட்டும்போது வேறாகிவிடும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைக் கரைப்பதால், எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப முக்கிய கிண்ணத்தில் கஞ்சி நீர்த்துப் போகும். அதே நொதி தாய்ப்பாலிலும் உண்டு. மாவு கலந்த தாய்ப்பால் கெட்டியாக நிற்காது. ஒவ்வொரு வாய்ப் பானத்திலும் அரிசி மாவையே சேர்ப்பதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. அரிசியில் ஆர்சனிக் சேர்வதால், கைக்குழந்தைகளுக்கான அரிசி உணவில் அதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் வரம்பு வைத்தது.

இந்தச் சிக்கல்களுக்கு விடையாக வந்தது சாந்தன் பசை கலந்த பொடியும் களியும். எச்சில் அதைக் கரைப்பதில்லை. ஆனால் 2011-ல் இதே அமெரிக்க நிர்வாகம், இவ்வகைத் தயாரிப்பு ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. அதை உட்கொண்ட சில குழந்தைகளுக்குக் குடல் திசு அழியும் கொடிய நோய் வந்திருந்தது. 2012-ல் அந்த எச்சரிக்கை எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் விரிந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையின் நிலைமை வேறு என்றாலும், குறைமாதத்தில் பிறந்து குடல் நோய் கண்ட பிள்ளைக்கு இதை மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

இன்னும் பலருக்குத் தெரியாத ஒரு பொறி மருந்தில் இருக்கிறது. நீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மலச்சிக்கலுக்குப் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடியைக் கரைத்துக் கொடுப்பார்கள். மாவுச்சத்தால் கெட்டியாக்கிய பானத்தில் இந்தப் பொடி விழுந்தால் பானம் தண்ணீராக இளகிவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாட்டை இன்னொரு மருந்தே கவிழ்க்கும் இடம் இது. மருந்துச்சீட்டு எழுதுபவரும் விழுங்கல் சிகிச்சையாளரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும்.

சான்று எவ்வளவு உறுதி?

கெட்டியான பானம் அந்தக் கணத்தில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது குறைகிறது என்பதில் ஐயமில்லை. நாள்பட நிமோனியா குறைகிறதா என்ற கேள்விக்குத்தான் தெளிவான விடையில்லை. 2008-ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு, மறதிநோயோ பார்க்கின்சன் நோயோ உள்ள 515 பேரை மூன்று மாதம் கவனித்தது. தாடையைத் தாழ்த்தி வெறும் நீர் குடித்தவர்களுக்கும் கெட்டியான பானம் குடித்தவர்களுக்கும் இடையே நிமோனியா வருவதில் தெளிவான வேறுபாடு இல்லை. நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமோ கெட்டியான பானம் குடித்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. அவர்கள் முதியவர்கள், அந்த முடிவை அப்படியே மழலையர் மேல் ஏற்றக் கூடாது. ஆனால், நுரையீரலைக் காக்கும் முயற்சியில் உடலை வறளவிடும் அபாயம் உண்டு என்ற பாடம் எந்த வயதுக்கும் பொருந்தும்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. எக்ஸ்ரே வீடியோ காட்டுவது சில மிடறுகளை மட்டுமே. பழக்கமில்லாத அறை, பழக்கமில்லாத நாற்காலி, சுண்ணாம்பு ருசியுள்ள பேரியம். வீட்டில் தண்ணீரே தொடாத குழந்தை அங்கே எப்படிக் குடிக்கும்? அழுதுகொண்டே விழுங்கிய ஒரு வாயை வைத்து ஆண்டுக்கணக்கில் கட்டுப்பாடு விதிப்பது முறையல்ல. முடிவை வீட்டு நடப்போடு ஒப்பிட்டு, குறித்த காலத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

மறுப்பு ஒரு தகவல்

கெட்டியாக்குவதன் பெரிய குறை, அது குழந்தையின் மறுப்பைக் கணக்கில் கொள்ளாததுதான். 1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 1.3 லிட்டர் நீர் தேவை. அதில் ஏறத்தாழ 0.9 லிட்டர் பானமாக என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் கணக்கு. கோடை வெயிலில் இன்னும் கூடும். கெட்டியான பானத்திலுள்ள நீரையும் குடல் நன்றாகவே உறிஞ்சுகிறது. குறைவது குடிக்கும் அளவு. வழவழப்பு பிடிக்காமல் குழந்தை இரண்டு ஸ்பூனோடு நிறுத்தும். நீர் குறையும், மலம் இறுகும், வயிறு கனக்கும், பசி போகும், மறுப்பு இன்னும் வலுக்கும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இழுக்கும் இந்தச் சுற்றைப் பானத்தை மேலும் கெட்டியாக்கி உடைக்க முடியாது.

குழந்தை ஏன் மறுக்கிறது என்று கேட்பதிலிருந்துதான் சிகிச்சை தொடங்க வேண்டும். குடித்தால் மூச்சு முட்டும் என்று அது கற்றிருக்கலாம். இரைப்பை அமிலம் மேலேறி எரியலாம். பெருத்த டான்சில் தடுக்கலாம். தொண்டையில் கிடந்த குழாயின் நினைவில் வாயருகே எது வந்தாலும் மிரளலாம். 2019-ல் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று குழந்தைகளின் உணவூட்டக் கோளாற்றை வரையறுத்தபோது நோய், சத்து, உண்ணும் திறன், மனமும் சூழலும் என நான்கு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. கெட்டியாக்குவது இவற்றில் திறன் என்ற ஒரு பக்கத்தைத்தான் தொடுகிறது. அதிலும் திறனை வளர்ப்பதில்லை. குறைக்கு ஈடு மட்டும் செய்கிறது.

வீட்டில் இதற்கு மாற்றாக நடப்பதோ இதைவிட மோசம். காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்றுவதைப் பல பாட்டிமார் அன்பினால்தான் செய்கிறார்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது நுரையீரலுக்கு நேரே ஊற்றுவதற்குச் சமம். சங்கிலும் பாலாடையிலும் குற்றமில்லை. நிமிர்த்திப் பிடித்து, குழந்தை உறிஞ்சும் வேகத்துக்குத் தக்கபடி கொடுத்தால் அவை நல்ல கருவிகள். குற்றம் கிடத்துவதிலும் வற்புறுத்துவதிலும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்குவதும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. கழுத்து பின்னே சாய்ந்தால் மூச்சுப்பாதை காப்பிழக்கும்.

கெட்டியாக்குவதோடு கூடவே நடக்க வேண்டியவை வேறு. இடுப்பும் பாதமும் ஊன்றி நிமிர்ந்து உட்காருதல், தலை சாயாமல் குடிக்க மூக்குப் பக்கம் வெட்டிய டம்ளர், ஒவ்வொரு வாய்க்கும் இடையே மூச்சுவிட நேரம், வேண்டாம் என்று திரும்பினால் அந்த வேளையை அங்கேயே நிறுத்துதல். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பங்கீடு இங்கே உதவும். ஆனால் நீரிழப்பு நெருங்கும் குழந்தையிடம் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் காய்ந்து சோர்ந்து கிடக்கிறது என்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

உணவின் வழியே நீர் சேர்ப்பது நல்ல துணை. தயிர் கலந்து குழைத்த சாதம், மசித்த இட்லி, கூழ் எல்லாம் நீரைச் சுமந்தவை. ஆனால் தர்ப்பூசணியும் சாத்துக்குடியும் கடித்த உடனே சாறாக ஓடும். ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகும். தெளிந்த ரசம் மேலே நிற்கும் ரசம் சாதத்தில் பருக்கையும் நீரும் ஒரே வாயில் வருவதால், விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது கடினமான உணவுகளில் ஒன்று. நன்றாகக் குழைத்தால்தான் அது பாதுகாப்பு.

என்ன கேட்க வேண்டும்?

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் வந்தன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது; தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் சிறு குழந்தைகளுக்கான இடையீட்டுப் பணியைச் செய்கிறது. இத்தகைய இடங்களுக்குப் போகும் பெற்றோர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. எந்தப் படி வரை கெட்டி, ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை மில்லி உள்ளே போக வேண்டும், எந்தத் தேதியில் மறுபரிசோதனை என்ற மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். குழந்தை தேறும்போது மாவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில நாள் இருமலையும் காய்ச்சலையும் கவனித்து, வெறும் தண்ணீரை நோக்கி நகரும் வழியையும் சிகிச்சையாளர் வகுத்துத் தர வேண்டும்.

எல்லாக் குழந்தையும் அந்த இடத்தை அடையாது. சிலருக்குக் கெட்டியான பானமே நிரந்தரத் துணை. சிலருக்கு வயிற்றுக் குழாய்தான் சரியான முடிவு. அதில் தோல்வி ஏதுமில்லை. போதிய நீர் கிடைக்கும் குழந்தை வாயால் பழகுவதற்கு அச்சமின்றி வரும். ஏற்க முடியாதது, மறு ஆய்வில்லாமல் ஆண்டுகள் ஓடவிடுவது. கெட்டியாக்கச் சொல்லும் ஒவ்வொருவரும் அதே சீட்டில் அடுத்த சந்திப்பின் தேதியையும் எழுதட்டும். எழுதாவிட்டால் கேட்டு வாங்கும் உரிமை அந்தத் தாய் தந்தைக்கு உண்டு.